12 வயது மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி: மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

தையல்காரி, தண்டையார்பேட்டை:

மகளுக்கு 12 முடிந்துவிட்டது, இன்னும் வயதுக்கு வரவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமி தொற்றாமலிருக்க ஊசி போடச் சொன்னார் மருத்துவர். மாமியாரோ, "இந்தப் பிஞ்சுக்கு எதற்கு அந்த ஊசி? நாளைக்குக் குழந்தை தங்காமல் போனால்?" என்கிறார். அவரை எதிர்த்துப் பேச எனக்கு மனமில்லை. என் பிரசவத்தில் பத்து நாள் கண் மூடாமல் பார்த்துக்கொண்டவர். பிள்ளைகளுக்குப் போட்டவர்கள் சொல்லுங்கள்.

மீன்காரி தங்கை, காசிமேடு:

சகோதரி, என் இரண்டு பெண்களுக்கும் போட்டுவிட்டேன். காரணம் என் அக்கா.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்றவள். 43 வயதில், மாதவிலக்குக்கு நடுவிலும் உதிரம் பட ஆரம்பித்தது. உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள். வெள்ளைப்படுதலில் வீச்சம் வந்தது. மீன் கூடையோடு இருப்பவளிடம் யார் அதைப் பிரித்துக் கண்டார்கள்? பழைய புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வாள். துவைத்த துண்டுகளை மொட்டைமாடிக் கொடியில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவாள். ஒருநாள் மழைக்குத் துணி எடுக்கப் போனபோதுதான் பார்த்தேன். அதற்குள் ஒன்றரை வருடம் போய்விட்டது. கதிர்வீச்சு கொடுத்தும் பிழைக்கவில்லை.

கட்டிய கணவனைத் தவிர வேறு ஆணை அறியாதவள் அவள். அக்கம்பக்கத்தில் இந்த ஊசி என்றாலே ஒழுக்கத்தை இழுக்கிறார்கள், எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. உடலுறவில் தொற்றும் இந்தக் கிருமி பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துபோகிறது. பலருக்கு ஓரிரு வருடத்தில் தானே மறைந்துவிடும். சிலரிடம் தங்கி, பதினைந்து இருபது வருடம் கழித்துப் புற்றாகிறது. வந்த தொற்றை ஊசி விரட்டாது, வராமல் தடுக்கும். பிஞ்சிலேயே போடச் சொல்வது அதனால்தான். கல்யாணம் வரை காத்திருக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற செவிலி, ராயபுரம்:

மாமியாரின் பயத்துக்குப் பதில் சொல்கிறேன். இந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது, கிருமியின் மேலுறை போன்ற புரதம் மட்டுமே. கருத்தரிப்பதை அது கெடுக்காது. புற்று வந்து கர்ப்பப்பையை எடுத்தால்தான் பிள்ளை பாக்கியம் போகும். 16, 18 என்ற இரண்டு வகைக் கிருமிகளால்தான் இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் வருகிறது. இரண்டையும் ஊசி தடுக்கிறது.

9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. ஒரு தவணையும் போதும் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 15 வயது ஆகிவிட்டால் பொதுவாக மூன்று ஊசி. தள்ளிப்போட்டால் செலவும் கூடும். போட்டதும் கால் மணி நேரம் உட்காரவையுங்கள், சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும். 14 வயதுப் பெண்களுக்கு இலவசமாகப் போடுவதாக 2025 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தையல்காரி, தண்டையார்பேட்டை:

கொடியில் மறைத்த துணியைப் பற்றி மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் சித்தியும் அப்படித்தான் போனாள்" என்றார். வெள்ளிக்கிழமை பேத்தியை அவரே அழைத்துப் போகிறாராம். அவருக்கு 61 வயது. அவருக்கும் இந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனை உண்டா?

ஓய்வுபெற்ற செவிலி, ராயபுரம்:

உண்டு அம்மா. 30 முதல் 65 வயது வரை செய்கிறார்கள். நீங்களும் கூடப் போய்ச் செய்துகொள்ளுங்கள்.