இரண்டு கட்டடங்களுக்கு ஒரே தொலைபேசி: செம்பா, கண்ணாடி இழையா?

மூடுபனி:
ஹப்புத்தளையில் சிறிய விடுதி ஒன்று நடத்துகிறேன். மேலே பழைய பங்களா. வரவேற்பறை, சமையலறை, அறைத் தொலைபேசிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பழைய பிபிஎக்ஸ் பெட்டி எல்லாம் அங்கேதான். கீழே தேயிலைக்குள் 140 மீட்டர் தள்ளி, ஆறு அறைகளோடு புதுக் கட்டடம். யூகலிப்டஸ் மரங்களில் கட்டி இழுத்த தொலைபேசிக் கம்பிதான் இரண்டையும் இணைத்தது. கடந்த ஐப்பசியில் ஒரு மாலை பக்கத்தில் இடி விழுந்தது. பெட்டியைத் திறந்தால், உள்ளே இருக்கும் மின்சுற்று அட்டையில், கீழ்க் கட்டடத்துக்குப் போகும் ஆறு தொலைபேசி வழிகள் உள்ள ஓரம் மட்டும் கருகியிருந்தது. அந்த நாற்றம் இரண்டு நாள் மேசையை விட்டுப் போகவில்லை. அதற்கு முந்தைய வருடமும் இதே கதை. இப்போது கீழே தங்குகிறவர்கள் வெந்நீர் கேட்பதற்கும் மழையில் படியேறி வருகிறார்கள். புது அட்டை வாங்கும் முன் கேட்கிறேன், எதைக் கொண்டு இணைப்பது?

செப்புக்கம்பி:
தங்கச்சி, குற்றம் செம்பில் இல்லை, அதை மரத்தில் கட்டியதில் இருக்கிறது. தண்ணீர் புகாதபடி உள்ளே பசை நிரப்பிய பத்து சோடிக் கேபிளைக் குழாய்க்குள் போட்டு இரண்டடி ஆழத்தில் புதை. இரு முனையிலும் மின்னல் தடுப்பான் பூட்டி நல்ல எர்த் கொடு. செம்பில் தொலைபேசி கிலோமீட்டர் கணக்கில் ஓடும், 140 மீட்டர் ஒரு தூரமே இல்லை. இன்னொன்றையும் யோசித்துப் பார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அப்போது நான் போட்ட இடங்களில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரி இருந்தது, எல்லா அறைகளிலும் தொலைபேசி வேலை செய்தது. பேச்சோடு மின்சாரத்தையும் அதே கம்பிதான் கொண்டுபோகிறது.

ஊவாக்காற்று:
ஐயா, மின்வெட்டைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். புதைத்தால் மின்னலுக்குத் தப்பலாம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மின்னல் கம்பியிலேயே விழ வேண்டியதில்லை. நம் மலையில் மண் மெல்லியது, கீழே பாறை. பங்களாவுக்கு அருகில் விழுந்தால் அந்த இடத்து எர்த்தின் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எகிறும். 140 மீட்டர் தள்ளி இருக்கும் எர்த் அப்படி எகிறாது. அந்த வித்தியாசம் பாய்வதற்குப் பாலம் போட்டுக் கொடுப்பது செம்புக் கம்பி. அக்காவின் அட்டையில் எந்த ஓரம் கருகியது என்று பாருங்கள். பேச்சை ஒளியாகக் கொண்டுபோகும் கண்ணாடி இழையில், அதாவது ஃபைபரில், மின்சாரம் ஓடாது, அதனால் பாலமே இல்லை.

செப்புக்கம்பி:
தம்பி, கீழ்க் கட்டடத்துக்கு மின்சாரம் எங்கிருந்து போகிறது? பங்களா மீட்டரிலிருந்துதானே? அதுவும் செம்புதான். பாலம் ஏற்கெனவே இருக்கும்போது நீ எதைக் காப்பாற்றப் போகிறாய்?

மூடுபனி:
ஆமாம் ஐயா, ஒரே மீட்டர்தான்.

ஊவாக்காற்று:
நல்ல கேள்வி, அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அப்படியானால் கீழ்க் கட்டடத்தின் மின்பலகையிலும் மின்னெழுச்சித் தடுப்பான் பூட்டியாக வேண்டும், ஃபைபர் போட்டாலும் அது அவசியம். ஆனால் 230 வோல்ட்டுக்குச் செய்த பொருள் தாங்கும் அடியைத் தொலைபேசி அட்டை தாங்காது. இரண்டு பாலங்களில் மெல்லியதையாவது அகற்றுவோம்.

சிகரம்:
குழி வெட்டுவானேன்? இரு கூரையிலும் 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் தட்டு வைத்தால் ஒரே நாளில் வேலை முடியும். மூடுபனி அந்த அலையை ஒன்றும் செய்யாது. ஆறு அறையும் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 மெகாபிட்கூடத் தேவைப்படாது.

ஊவாக்காற்று:
பனி ஒன்றும் செய்யாது, சரி. நடுவில் நிற்கும் யூகலிப்டஸ் செய்யும். இந்தத் தூரத்துக்கு, இரு தட்டையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி நடுவில் ஒன்றேகால் மீட்டருக்குமேல் வெளி வேண்டும். நனைந்த இலை அலையை விழுங்கிவிடும். தட்டிலிருந்து கீழே இறங்குவதும் செம்புக் கேபிள்தான், கூரை உச்சியில்.

சிகரம்:
மரம் இருப்பதைக் கவனிக்கவில்லை. கிளை வெட்ட முடியாவிட்டால் என் வழி சரிவராது.

செப்புக்கம்பி:
இழை அறுந்தால்? தேயிலைக்குள் வடிகான் வெட்டுகிறவரின் மண்வெட்டி ஒருமுறை பட்டால் போதும். செம்பை நான் மழைக்குள் நின்று கையால் முறுக்கி இணைத்திருக்கிறேன். இழையை ஒட்டுவதற்குக் கருவியோடு ஆள் வர வேண்டும். பழைய பிபிஎக்ஸையும் தூக்கி எறியச் சொல்வாய். இணையத் தொலைபேசி மாற்றிகளைப் பழைய பெட்டியோடு இணைத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் ரிசீவரை வைத்த பிறகும் வழி விடுபடாமல் மணிக்கணக்கில் பிடிபட்டுக் கிடக்கும்.

ஊவாக்காற்று:
அந்தக் கோளாறு உண்மைதான் ஐயா. அதனால்தான் இணையத் தொலைபேசி வேண்டாம் என்கிறேன். எட்டுத் தொலைபேசி வழிகளை அப்படியே ஒரு ஃபைபரில் ஏற்றும் மாற்றி உண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று. மணியடிப்பது, எடுப்பது, வைப்பது எல்லாம் கம்பியில் போவதுபோலவே போகும், பழைய பெட்டிக்கு வித்தியாசமே தெரியாது. கீழே இருக்கும் மாற்றி 15 வாட் எடுத்தால் 13 மணி நேரத்துக்கு 195 வாட்மணி. 12 வோல்ட் 40 ஆம்பியர்மணி பேட்டரியைப் பாதி மட்டும் பயன்படுத்தினாலே 240 கிடைக்கும். அறுந்தால் இழுத்து ஒட்டுவதற்காக இரு முனையிலும் சில மீட்டர் இழையைச் சுருட்டி விடுங்கள். வீடுகளுக்கு ஃபைபர் கொடுக்கிறவர்கள் ஒட்டும் கருவியோடுதான் வேலைக்குப் போகிறார்கள்.

அக்கா, ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். கடையில் ஃபைபர் என்று தருவதில் பல, உள்ளே இழுவைக்கு உருக்குக் கம்பி வைத்தவை. அதைப் போட்டால் பாலம் திரும்ப வந்துவிடும். உலோகமே இல்லாத கேபிள் என்று கேட்டு, நுனியை வெட்டிக் காட்டச் சொல்லி, கண்ணால் பார்த்து வாங்குங்கள். முள்ளம்பன்றியும் எலியும் கடிக்காதபடி கனமான குழாய்க்குள் போடுங்கள்.

மூடுபனி:
நுனியை வெட்டிப் பார்த்தே வாங்குகிறேன் தம்பி. பேட்டரிக்குப் படிக்கட்டின் அடியில் இடம் இருக்கிறது. பங்குனி இடிக்கு முன்னால் குழியை வெட்டி முடிக்க வேண்டும். செப்புக்கம்பி ஐயா, உங்களுக்கு இன்னும் சம்மதம் இல்லையா?

செப்புக்கம்பி:
பேட்டரிக் கணக்கு சரியாக இருக்கிறது, அதனால் மறுக்கவில்லை. என் கடைக்கு என்றால் இன்றைக்கும் செம்புதான் போடுவேன். நீ எதைப் போட்டாலும், பழைய கம்பியை மரத்திலேயே விட்டுவிடாதே. பலர் பெட்டியில் மட்டும் கழற்றிவிட்டு, மறுமுனையைச் சுவரில் தொங்கவிடுகிறார்கள். இரு பக்கமும் கழற்றி, முழுவதையும் இறக்கிச் சுருட்டி எடுத்துவிடு.