மறு: டிடக்ஷனுக்கு ‘வரிக்கழிவு’ சரியா?

நண்பர்களே, வணக்கம். வருமான வரிக் கணக்கில் வரும் ‘டிடக்ஷன்’ (deduction) என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் இழையில் வந்த இந்த யோசனைக்கு என் பதில்.

> டிடக்ஷன் = வரிக்கழிவு. சுருக்கமாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் பொறுங்கள். கழிவு என்றதும் சாக்கடை நினைவு வருகிறதே என்பதல்ல என் தயக்கம். இலங்கையில் விலைக்கழிவு என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள், யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. சிக்கல் ‘வரி’யில்தான். வரிக்கழிவு என்றால் வரியிலிருந்து கழிவது என்றே காதில் விழும். கழிவதோ லாபத்திலிருந்து.

எங்கள் தெருவில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மார்ச் கடைசியில் 60,000 ரூபாய்க்குக் கணினி வாங்கினார். “எப்படியும் வரியா போற காசுதானே, பொருளா இருக்கட்டும்” என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். கணினி முதலினச் செலவு. ஒரேயடியாகச் செலவு எழுத முடியாது. ஆண்டுதோறும் தேய்மானமாக ஒரு பங்கைத்தான் கழிக்கலாம், கணினிக்கு அது 40 சதவீதம். அந்த ஆண்டில் 180 நாளுக்கும் குறைவாகவே பயன்பட்டதால் அதிலும் பாதி, அதாவது 12,000. அவர் இருப்பது 20 சதவீத அடுக்கில். ஆக, அந்த ஆண்டு வரியில் மிச்சம் 2,400 ரூபாய். வரியின் மேல் போடும் செஸ்ஸையும் சேர்த்தால் இன்னொரு 96. மீதித் தேய்மானம் அடுத்தடுத்த ஆண்டுகளில் வரும் என்று சொல்லியும் முகம் தெளியவில்லை.

ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றோடு நிற்க வேண்டியதில்லை. (1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களையே எழுதுகிறேன், 2025 சட்டத்தில் எல்லாம் மாறிவிட்டன, எனக்கு இன்னும் பழகவில்லை.) 87ஏ வரியிலேயே குறைப்பது, அதற்கு ‘வரித் தள்ளுபடி’. பணம் கொடுக்கிறவரே வரியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கும் டிடிஎஸ்ஸுக்குப் ‘பிடித்தம்’ புழக்கத்தில் இருக்கிறது, கைவைக்க வேண்டாம். காப்பீடு, சேமிப்பு என்று போட்டதை வருமானத்திலிருந்து கழிக்கும் 80சி வகைக்கு ‘வருமானக் கழிவு’. மிஞ்சுவது 37ஆம் பிரிவின் தொழில் செலவு.

அதற்கு முதலில் ‘கழிசெலவு’ என்று வினைத்தொகையாக யோசித்தேன். “கழிசடை மாதிரி இருக்கு” என்று வீட்டில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ‘ஏற்புச் செலவு’ பரவாயில்லை. ஆனால் அதிகாரி ஒப்புக்கொள்ளாத செலவை ‘ஏலாச் செலவு’ என்னும்போது நாக்கு தடுக்குகிறது.

என் பரிந்துரை: செல்லும் செலவு, செல்லாச் செலவு. செல்லாத நோட்டு, செல்லாத ஓட்டு என்று ஊரே சொல்கிறதே. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்துக் காகிதம் வாங்கினால், பில் பக்காவாக இருந்தாலும் 40ஏ(3) படி அது பொதுவாகச் செல்லாச் செலவு. சிக்னல் தாண்டியதற்குக் கட்டிய அபராதமும் செல்லாது. மகள் காதுகுத்துக்குக் கல்லாவிலிருந்து எடுத்ததைச் சொல்லவே வேண்டாம்.

---

> செல்லும் செலவு, செல்லாச் செலவு

இரண்டாவது அருமை. முதலாவது எனக்குப் பஸ் செலவு மாதிரி கேட்கிறது: ‘ஊருக்குச் செல்லும் செலவு’. ‘செல்லுபடிச் செலவு’ என்றால் என்ன? அப்புறம், தேய்மானமும் இதில் அடங்குமா?

---

பஸ் செலவு எனக்குத் தோன்றவே இல்லை! சரி, செல்லுபடிச் செலவு என்றே வைப்போம். தேய்மானத்தை இதில் சேர்க்க வேண்டாம். பணம் கையைவிட்டுப் போவது ஒரே ஆண்டில், தேய்மானம் எழுதுவது பல ஆண்டுகளில். அதையும் செலவு என்றால் அச்சக அண்ணன் மறுபடி குழம்புவார். செலவுக் கணக்கே காட்டாமல், சிறு தொழில்களுக்கான 44ஏடி படி விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டுகிறவர்களுக்கு இந்தச் சொற்கள் எதுவுமே தேவைப்படாது. அவர்களுக்கு ‘அனுமான லாபம்’ சரிவருமா என்று தனி இழை தொடங்குகிறேன்.