செடியோட பிலாரிக்குத் (phyllary) தமிழ்ல என்ன போடுறது? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது

கொடைக்கானல் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு செடி இனங்காணுற பயிற்சித்தாள் ஒண்ணு தயார் பண்றேன், நம்ம மலைப் புல்வெளிப் பூவான அனாஃபாலிஸையும் வட அமெரிக்கப் புல்வெளியில பூக்குற லியாட்ரிஸையும் பக்கத்துல வச்சுப் பாக்குற மாதிரி. லியாட்ரிஸ் சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனா சுத்தி இதழ் மாதிரி நிக்குற பூ கிடையாது, தண்டு நெடுக ஊதாக் குஞ்சம்தான். பூவ வச்சு இனம் பிரிக்குறது கஷ்டம், பூந்தலைக்கு (குட்டிக் குட்டிப் பூ சேர்ந்து ஒரே பூ மாதிரி தெரியுற கொத்து) அடியில அடுக்கடுக்கா மூடியிருக்குற பிலாரியத்தான் பாக்கணும். லியாட்ரிஸ் இனங்கள்ல ஆஸ்பெராவுல அதோட நுனி உருண்டு புடைச்சு, ஓரம் சவ்வா இருக்கும். பிக்னோஸ்டாக்கியாவுல நுனி கூரா வெளிப்பக்கம் மடங்கும். ஸ்பிகேட்டாவுல நுனி மழுங்கி தலையோட ஒட்டிப் படிஞ்சிருக்கும். லிகுலிஸ்டைலிஸ்ல ஓரம் பிசிறு பிசிறா கிழிஞ்சிருக்கும். பாடப்புத்தகத்துல பூவடிச்செதில்னு இருக்கு, ஆனா அது பொதுவா பிராக்ட்டுக்கு, அதாவது பூவுக்கோ பூங்கொத்துக்கோ அடியில வர்ற இலைக்கு. லியாட்ரிஸ்ல தலைக்குக் கீழ தண்டுல தனியா பிராக்ட்டும் இருக்கு, ரெண்டுக்கும் ஒரே பேர் போட்டா பிள்ளைங்க எதைப் பாக்கும்?

உதகை:
புறவிதழ்னு போட்டுடுங்க டீச்சர், பிள்ளைங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச வார்த்தை.

கோத்தகிரி:
அது மட்டும் வேண்டாங்க. இந்தக் குடும்பத்துல புல்லிவட்டம்தான், அதாவது புறவிதழ் வட்டம்தான், பாப்பஸா மாறியிருக்கு, விதையோட பறக்குற மயிர். லியாட்ரிஸ்ல அதையும் பாத்தாகணும், சிலிண்ட்ரேசியாவுல இறகு மாதிரி கிளை விட்டிருக்கும், ஆஸ்பெராவுல பொடி முள்ளு மாதிரிதான். பிலாரிய புறவிதழ்னுட்டா நாளைக்கு பாப்பஸ் என்னன்னு கேட்டா என்ன சொல்வீங்க?

குன்னூர் தமிழய்யா:
பாளை இருக்க செதில் எதுக்கு? தென்னம்பாளை பூங்கொத்த மூடிக் காக்குறது, தாவரவியல் கணக்குல அதுவும் பிராக்ட்தானே. தொல்காப்பிய மரபியல்லயே தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளைன்னு வரிசையா வருது. பாளம் பாளமா வெடிக்குதுங்கறோம்ல, அந்தப் பாளமும் பாளையும் ஒரே வேர்னுதான் எனக்குப் படுது, மூடியிருந்து வெடிச்சுத் திறக்குறது. சிறுபாளைன்னு வைங்க, தமிழ்ச்சொல்லாவும் இருக்கும், பொருளும் நிக்கும்.

கோத்தகிரி:
ஐயா, மரபியல் அந்தப் பேரையெல்லாம் புல்லுக்குத்தானே சொல்லுது? புறக்காழ், அதாவது வெளிப்பக்கம் வைரம், உள்ளது புல், அகக்காழ், உள்பக்கம் வைரம், உள்ளது மரம். லியாட்ரிஸ் எதுல சேரும்?

குன்னூர் தமிழய்யா:
தம்பி, மரத்துக்குச் சொன்ன பேரையும் புல்லுக்குச் சொன்ன பேரையும் மாத்தி வழங்குறது செய்யுள்லயே உண்டு, பனை தென்னைக்கு நாம மரம்னு சொல்லலையா? பேர் வழக்குல வளரும். வாழைப்பூ மடல எடுங்க, அதுவும் இதே வேலையத்தான் செய்யுது, அப்ப மடல்னும் சொல்லலாம், ஆனா மடல்னா கடுதாசியும் ஆச்சு, தாழையும் ஆச்சு, அதான் பாளை.

தாண்டிக்குடி:
காலேஜுக்குப் போனா பிலாரின்னுதான் படிக்கப் போறாங்க, அதையே தமிழ் எழுத்துல போட்டா என்ன? ரெண்டு தடவ படிக்க வேண்டாம்.

கொடைக்கானல் டீச்சர்:
அண்ணே, பிலாரின்னா பிள்ளைக்கு ஒண்ணும் கண்ணுல தெரியாது, பேரே எங்க பாக்கணும்னு சொல்லணும். நான் மன்னவனூர்ல ஒரு அனாஃபாலிஸ் தலைய நகத்தால பிரிச்சுப் பாத்தேன். வெள்ளையா, காஞ்சு, விரல்ல சரசரன்னு பேப்பர் மாதிரி வர்றது எல்லாமே பிலாரி, பூவெல்லாம் நடுவுல மஞ்சப் பொட்டா ஒடுங்கி இருக்கு. பிள்ளைங்க அந்த வெள்ளையத்தான் இதழ்னு நெனச்சிருக்காங்க. அதனால பூவ சுத்தி நிக்குறதுன்னு அர்த்தம் வர்ற மாதிரி சூழ்செதில்னு வச்சா? பாடப்புத்தகச் செதிலும் விட்டுப்போகாது.

உதகை:
சூழ்செதில் நல்லாருக்கு. ஆனா அனாஃபாலிஸ்ல அது செதில் மாதிரியே இல்லையே, லியாட்ரிஸுக்குத்தான் பொருந்துது, ஓடு வேய்ஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு.

தாண்டிக்குடி:
சரி, சூழ்செதிலே போடுங்க. இதுல இன்னொண்ணு, லியாட்ரிஸ் கதிர் மேலருந்து கீழ பூத்துட்டு வருமாமே, நுனிவளர் மஞ்சரின்னா கீழருந்து மேல பூக்கும்னு படிச்ச பிள்ளை குழம்பாதா?

கோத்தகிரி:
அதத் தனியாப் பேசுவோம்ணே, டீச்சருக்கு நேரமில்ல. சூழ்செதிலுக்கு நானும் சரி.

கொடைக்கானல் டீச்சர்:
சூழ்செதில்னே அச்சுக்கு அனுப்பறேன். பிராக்ட்டுக்குப் பூவடிச்செதில் அப்படியே இருக்கும்.

குன்னூர் தமிழய்யா:
அனுப்புங்கம்மா. ஆனா நான் பாளைய விடலை. செதில்னா மீன்மேல இருக்குறது, உள்ள ஒண்ணு பூக்கப் போகுதுங்கற நெனப்பே அந்தச் சொல்லுல வராது.