நவம்பரில் கிரீன் பே மேட்ச்: அவருக்கு ஆட்டம் பார்க்கணும், எனக்கு ஊர் பார்க்கணும்

வாசற்கோலம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். நவம்பர் இரண்டாவது வாரம் எங்கள் கல்யாண நாள், பதினைந்தாவது வருஷம். பிள்ளைகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பப் போகிறோம்.

என் வீட்டுக்காரர் மில்வாக்கியில் எம்.எஸ். படித்தவர். படித்த இரண்டு வருஷமும் லாம்போ ஃபீல்டில், அதாவது கிரீன் பேயில் பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி ஆடும் ஸ்டேடியத்தில், ஒரு மேட்ச் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். அப்போது கையில் காசு இல்லை. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தப் பச்சை மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பேக்கர்ஸ் தோற்றால் ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு குறைவு என்பார். எனக்கு அந்த ஆட்டத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. ஊர் சுற்றிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

நான் போட்ட திட்டம் இது. வியாழன் காலை சிகாகோ. வெள்ளி முழுக்க சிகாகோ. சனி காரில் மில்வாக்கி பார்த்துக்கொண்டு ராத்திரி கிரீன் பே. ஞாயிறு 12 மணிக்கு மேட்ச், 3 மணிக்கு முடிந்துவிடும். அப்படியே பக்கத்தில் ஏரிக்கரையில் இருக்கும் டோர் கவுண்டி போய்ச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக சிகாகோ திரும்பி, திங்கள் காலை விமானம்.

சரியாக வருமா? குளிர் எப்படி இருக்கும்? கைப்பை கொண்டுபோகலாமா? இன்னொன்று, ஒரு வாட்ஸப் குழுவில் ஒருவர் தன்னிடம் இரண்டு டிக்கெட் இருப்பதாகச் சொல்கிறார். பணம் அனுப்பினால் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவாராம். வாங்கலாமா? மூன்று மணி நேரம் எனக்குப் போரடிக்காதா என்பதையும் யாராவது நேர்மையாகச் சொல்லுங்கள்.

பனிக்கரடி சொன்னது:

கடைசியில் இருந்து வருகிறேன். ஸ்கிரீன்ஷாட் டிக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள். இப்போதெல்லாம் டிக்கெட் போனில்தான். கணக்கிலிருந்து கணக்குக்கு முறையாக மாற்றிக் கொடுத்தால்தான் செல்லும், படம் செல்லாது. என் தம்பி ஒருவன் இப்படித்தான் ஏமாந்தான். வேறு ஊர், வேறு அணி. வாசலில் நின்று பாட்டு கேட்டுவிட்டு வந்தான். டிக்கெட்மாஸ்டரில் மறுவிற்பனை டிக்கெட் கிடைக்கும், விலை கூடத்தான், ஆனால் உள்ளே விடுவார்கள்.

அடுத்தது, 12 மணி என்று இப்போதே கல்வெட்டு வெட்டிவிடாதீர்கள். டிவிக்காக ஆட்ட நேரத்தை மாற்றும் உரிமை போட்டிகளை நடத்தும் லீகுக்கு உண்டு. பன்னிரண்டு நாள் முன்னால்கூடப் பகல் ஆட்டத்தை ராத்திரி ஆட்டமாக்கிவிடுவார்கள். ராத்திரி ஆட்டம் என்றால் தொடக்கமே 7.20. திங்கள் காலை விமானத்தை மறந்துவிடலாம்.

தையல்காரன் மகன் சொன்னது:

உங்கள் திட்டத்தை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "ஐயோ பாவம், நம்மை மாதிரியே" என்றாள்.

நாங்கள் மேடிசனில் இருக்கிறோம். மூன்று வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு நவம்பரில் முதல் தடவை போனோம். எங்கள் வீட்டில் தலைகீழ்: அவள்தான் பேக்கர்ஸ் பைத்தியம், நான் கூடப்போன ஆள். மேட்ச் மூன்று மணி நேரம்தானே, அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டது நான்தான்.

கடிகாரக் கணக்கில் ஆட்டம் 60 நிமிஷம். நடந்து முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் பந்து உண்மையாக ஓடுவது பதினொரு நிமிஷம் என்று ஒரு பத்திரிகை கணக்கெடுத்து எழுதியது. ஆனால் அந்த நாள் முழுக்க அதற்குத்தான் போகும். ஊரின் மக்கள்தொகை லட்சத்துச் சொச்சம், ஸ்டேடியத்தில் 81,441 இருக்கை. ஒரு ஊரையே அப்படியே அள்ளி ஒரு கிண்ணத்தில் வைத்தது போல. முடிந்து வெளியே வந்து, காரைக் கண்டுபிடித்து, நெரிசலில் நகர்ந்து பெரிய சாலையைத் தொடும்போது மணி ஐந்தாகிவிடும். நவம்பரில் அங்கே நான்கரைக்கே பொழுது சாய்ந்துவிடும். நீங்கள் பார்க்க நினைத்த சூரியன் உங்களுக்காகக் காத்திருக்காது. அந்த மாதம் இருட்டியதும் மான்கள் வேறு சாலையில் குறுக்கே பாயும். சிகாகோவுக்கு மூன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டும். கல்யாண நாள் சுற்றுலாவில் அது வேண்டாம்.

அதனால் சிகாகோவைக் குறையுங்கள். ஹூஸ்டனிலிருந்து சிகாகோவுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். வியாழன் ஒரு நாள் போதும்: மிலேனியம் பூங்கா, நேரம் இருந்தால் ஆற்றில் கட்டடங்களைக் காட்டும் படகு. வெள்ளி காலை சீக்கிரம் கிளம்பி மில்வாக்கி. ஒன்றரை மணி நேரம்தான். ஏரிக்கரையில் கலை அருங்காட்சியகம் இருக்கிறது, 2001இல் கலட்ராவா என்ற கட்டடக் கலைஞர் கட்டிய மண்டபம். கூரைமேல் 217 அடி அகலத்துக்கு இரண்டு வெள்ளைச் சிறகு. நண்பகல் 12 மணிக்கு அதை மடக்கி விரிப்பார்கள். காற்று பலமாக இருந்தால் சிறகை விரிக்க மாட்டார்கள். அந்த நேரத்துக்கு உள்ளே இருக்காதீர்கள், வெளியே நடைபாலத்தில் நின்று பாருங்கள். வெள்ளி ராத்திரி கிரீன் பே பக்கம் போய்விடுங்கள். மேட்ச் வாரத்தில் ஊருக்குள் ஓட்டல் விலை கண்ணைக் கட்டும். அரை மணி தள்ளி ஆப்பிள்டனில் தங்கலாம்.

சனி முழுக்க டோர் கவுண்டி. இலையெல்லாம் உதிர்ந்திருக்கும், கடைகள் பாதி மூடியிருக்கும். சிஸ்டர் பேயில் கூரையில் புல் வளர்த்து ஆடு மேயவிடும் ஸ்வீடிஷ் உணவகம் ஒன்று உண்டு. நவம்பரில் ஆடு கீழே இறங்கிவிட்டிருக்கும், அதற்காக ஏமாற வேண்டாம். ஆனால் கேவ் பாயிண்ட் என்ற இடத்துக்குக் கட்டாயம் போங்கள். மிச்சிகன் ஏரி சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து குடைந்து குகையாக்கி வைத்திருக்கிறது. காற்றடிக்கும் நாளில் அலை உள்ளே போய் மோதும்போது நாம் நிற்கும் பாறைக்குள்ளிருந்து 'தொம்' என்று சத்தம் வரும். நானும் அவளும் ஒரு மணி நேரம் பேசாமல் அங்கே நின்றோம். கோடைக்கூட்டத்தில் இது கிடைக்காது.

ஞாயிறு, மேட்ச் மட்டும். காலை எட்டரைக்கே போங்கள். ஸ்டேடியம் வீடுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. சுற்றியிருக்கும் தெருக்காரர்கள் தங்கள் வீட்டுப் புல்வெளியில் காரை நிறுத்த விட்டுக் காசு வாங்குவார்கள். எங்களை நிறுத்தவிட்ட பெரியவர், கழிவறைக்கு என்று வீட்டுக்குள்ளேயே விட்டார். கூடத்தில் சட்டம் போட்டு ஒரு பத்திரம். பேக்கர்ஸ் அணியின் பங்குப் பத்திரமாம், ஒரே ஒரு பங்கு. அந்த அணிக்கு முதலாளி என்று ஒரு பணக்காரர் கிடையாது, ஐந்து லட்சத்துக்கும் மேலான சாதாரண ஜனங்கள்தான் சொந்தக்காரர்கள். லாபப் பங்கு கிடையாது, விலை ஏறிற்று என்று விற்கவும் முடியாது. "அப்புறம் எதற்கு வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். சுவரைக் காட்டினார். தேர் வடத்துக்குப் பணம் கொடுத்த ரசீதை என் தாத்தா பூஜை அறையில் ஒட்டி வைத்திருந்தது ஞாபகம் வந்தது.

குளிர். என் அப்பா தையல்காரர், துணி விஷயத்தில் நான் கொஞ்சம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பருத்தி பனியனை உள்ளே போடாதீர்கள். நடந்து வரும்போது வியர்க்கும், அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு பழிவாங்கும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளியோ பாலியஸ்டரோ, மேலே ஒரு ஃப்ளீஸ், அதற்கும் மேலே காற்று நுழையாத ஜாக்கெட். ஜாக்கெட்டை ஓர் அளவு பெரிதாகவே எடுங்கள், இறுக்கிப் பிடித்தால் உள்ளே சூடு நிற்க இடமிருக்காது. அங்கே பாதிப் பேர் மான் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிற முழுச்சட்டையில் வந்திருப்பார்கள். முதலில் சிரித்தேன். இரண்டாவது பாதியில் பொறாமைப்பட்டேன்.

இவ்வளவு போட்டும் எனக்கு நடுங்கியது. ஏனென்றால் குளிர் மேலேயிருந்து வரவில்லை, கீழேயிருந்து வந்தது. உட்காருவது அலுமினிய பெஞ்சு, கால் வைப்பது வெறும் கான்கிரீட். பூட்ஸுக்குள் இரண்டு காலுறை போட்டும் விரல் மரத்துவிட்டது. நான் காலை மாற்றி மாற்றி வைப்பதைப் பக்கத்து இருக்கையில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். தன் காலுக்கடியில் வைத்திருந்த அட்டையை எடுத்து, மடித்து, சர்ரென்று கிழித்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். ஏதோ பழைய பீர் பெட்டி. அதன்மேல் காலை வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் விரல் திரும்ப என்னுடையதாயிற்று.

இதே ஊரில் 1967 டிசம்பர் 31 அன்று மைனஸ் 25 டிகிரி செல்சியஸில் ஆடியிருக்கிறார்கள். நடுவரின் விசில் உறைந்துபோய் ஊத முடியாமல் கத்தியே ஆட்டத்தை நடத்தினார்களாம். நவம்பர் அவ்வளவு மோசமில்லை.

போரடிக்குமா என்று கேட்டீர்கள். இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். இது இடம் பிடிக்கிற ஆட்டம். பந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு, இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. மீதியை உங்கள் வீட்டுக்காரர் சொல்வார், சொல்லாமல் இருக்க மாட்டார்.

இரண்டாவது, எப்போது கத்துவது என்பது. பேக்கர்ஸ் கையில் பந்து இருக்கும்போது எழுபது எண்பதாயிரம் பேரும் சன்னிதியில் நிற்பது போல் அமைதியாக இருப்பார்கள், ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்வது காதில் விழ வேண்டும் என்று. எதிராளி கையில் பந்து போனதும் காது கிழியும். எனக்கு இது தெரியாது. நம் ஆட்கள் வரிசையில் குனிந்து நிற்கும் நேரம் பார்த்து, உற்சாகம் தாங்காமல் "போடுறா!" என்று ஒரு கத்து கத்தினேன். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. என் மனைவி அடுத்த பத்து நிமிஷம் என்னைத் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மல்லிகைப்பந்தல் சொன்னது:

தோழி, கைப்பை பற்றி யாரும் சொல்லவில்லை. உள்ளே தெரிகிற கண்ணாடி மாதிரிப் பை மட்டும்தான், 12 அங்குலத்துக்கு 12, ஆழம் 6 அங்குலம். அதுபோக உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் பர்ஸ். நல்ல தோல் பை எடுத்துப்போனால் மறுபடி காருக்கு நடக்க வேண்டும். உள்ளே ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் என்றால் பொரித்த சீஸ் கர்ட்ஸ்தான் துணை, சின்னச் சின்னச் சீஸ் துண்டுகள். வெளியே கடையில் பொரிக்காத கர்ட்ஸ் வாங்கிப் பாருங்கள், புதிதாக இருந்தால் கடிக்கும்போது பல்லில் கீச்சென்று சத்தம் வரும். எனக்கு ஆட்டத்தைவிட அதுதான் நினைவிருக்கிறது.

திங்கள் மதியத்துக்கு மேல் விமானம் கிடைத்தால் காலையில் ஸ்டேடியத்தைச் சுற்றிக் காட்டும் டூர் போங்கள். மேட்ச் நாளில் அது இருக்காது. ஆட்டக்காரர்கள் ஓடிவரும் சுரங்கவழியில் நம்மையும் நடக்கவிடுவார்கள். பழைய சுரங்கவழியின் சிமென்ட் தரையில் ஒரு துண்டைப் பெயர்த்து அங்கே பதித்து வைத்திருக்கிறார்கள், பழைய ஆட்டக்காரர்கள் மிதித்த தரை என்று. என் வீட்டுக்காரர் அந்தத் துண்டைத் தாண்டி வராமல் ஐந்து நிமிஷம் நின்றார். நானும் எதுவும் சொல்லவில்லை.

வாசற்கோலம் சொன்னது:

எல்லோருக்கும் நன்றி. வாட்ஸப் ஆளிடம் "வேண்டாம்" என்றதும் குழுவிலிருந்தே காணாமல் போய்விட்டார்! விமானத்தைச் செவ்வாய்க்கு மாற்றிவிட்டோம். சனிக்கிழமை எனக்கு, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு, திங்கள் அந்தச் சுரங்கவழிக்கு என்று ஒப்பந்தம். ராத்திரி ஆட்டமாக மாறினாலும் கவலையில்லை.

தையல்காரன் மகன் அண்ணா, நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கத்தும் விஷயம் வந்ததும் எழுந்து நின்று எனக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தார். அட்டை மேட்டர் மட்டும் அவருக்கே தெரியவில்லை. பழைய பார்சல் பெட்டி ஒன்றை இப்போதே வெட்டி எடுத்து வைத்துவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்று, போதும்தானே?

தையல்காரன் மகன் சொன்னது:

மூன்றாக வெட்டுங்கள் அம்மணி. பக்கத்து இருக்கையில் என்னை மாதிரி எவனாவது வந்து உட்கார்ந்திருப்பான்.