அக்கா பொண்ணு இப்ப எங்ககூடதான் இருக்கா, யார்கிட்ட என்ன உதவி கேக்கறதுன்னே தெரியல

சித்தி_ஆன_நான்:
எல்லாருக்கும் வணக்கம், பெரிய போஸ்ட், பொறுத்துக்கோங்க. அக்கா பொண்ணு, 7 வயசு, சில மாசமா எங்க வீட்லதான் இருக்கா. அக்காவுக்கு மனநிலை சரியில்லாம ட்ரீட்மெண்ட் போயிட்டிருக்கு, எப்ப வீடு திரும்புவான்னு டாக்டராலயே சொல்ல முடியல, அவ வீட்டுக்காரர் எங்க இருக்காருன்னே தெரியாது. கூட்டிட்டு வர்றதுக்கு நானும் என் வீட்டுக்காரரும் யோசிக்கவே இல்ல.

ஆனா இப்ப முழி பிதுங்குது. அலமாரில அவளுக்குன்னு ரெண்டு தட்டு ஒதுக்கி துணியெல்லாம் மடிச்சு வெச்சேன், ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் எடுத்து திரும்ப பையில அடுக்கி ஜிப் போட்டு கட்டில் பக்கத்துலயே வெச்சுக்கறா. தினமும் இதே கதைதான். தலகாணி உறைக்குள்ள பிஸ்கட், பாதி கடிச்ச பிரெட், எறும்பு வந்தப்பறம்தான் எனக்கே தெரிஞ்சது, கேட்டா மூஞ்சிய நேரா பாத்து "நான் வெக்கல"ங்கறா. ஞாயித்துக்கிழமை அவங்கம்மாகூட ஃபோன்ல பேசினா அன்னிக்கு ராத்திரி வீடு ரெண்டாகுது, என் பையனை (4 வயசு) அடிக்கறா, படுக்கைய நனைச்சுடறா. பேசாம ஃபோனை நிறுத்திடலாமான்னு தோணுது. ஸ்கூல்ல பேரண்ட் சைன் கேக்கறாங்க, பல் டாக்டர்கிட்ட போனா "நீங்க யாரு"ங்கறாங்க. எங்கயாவது உதவி இருக்கான்னு விசாரிக்கலாம்னா மாமியார் "சொந்த ரத்தத்தை வளக்க கூலியா"ன்னு ஒரே வார்த்தைல வாயை அடைச்சுட்டாங்க. யாராவது இந்த வழில வந்தவங்க இருந்தா சொல்லுங்க.

வளர்ப்பம்மா_3:
சிஸ், நான் ஃபாஸ்டர் பண்றவ, அதாவது பெத்தவங்களால பாத்துக்க முடியாத பசங்கள கொஞ்ச காலம் வீட்ல வெச்சு வளக்கறவ, பல பசங்க வந்து போயிருக்காங்க. மொதல்ல பிஸ்கட். இது திருட்டு இல்ல, சாப்பாடு எப்ப வரும்னு நிச்சயமில்லாம கொஞ்ச நாள் இருந்த குழந்தை செய்யற முன்ஜாக்கிரதை. மூடி போட்ட ஒரு டப்பா வாங்கி அவ பேரெழுதி அவ ரூம்லயே வைங்க, எப்ப வேணா எடுத்துக்கோ, யாரையும் கேக்க வேணாம்னு சொல்லுங்க, காலியானா எதுவும் பேசாம ரொப்பிடுங்க. எத்தனை தின்னான்னு எண்ணாதீங்க. ஆரம்பத்துல ரெண்டே நாள்ல காலி பண்ணுவா, டெஸ்ட் பண்றா உங்கள, அப்பறம் தானா குறையும். "நீ வெச்சியா"ன்னு கேள்வியே கேக்காதீங்க, பதில் தெரிஞ்ச கேள்விய கேட்டா பயத்துல பொய்தான் வரும்.

பை விஷயத்துல கை வெக்காதீங்க. திடீர்னு கெளம்ப வேண்டி வந்தா ரெடியா இருக்கணும்னு அந்த குழந்தை நெனைக்குது, முன்னாடி அப்படித்தானே கெளம்பி வந்திருக்கு. நீங்க பிரிச்சு வெச்சீங்கன்னா அவ இன்னும் இறுக்கி கட்டுவா.

படுக்கை நனைக்கறதுக்கு ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க, யூரின் இன்ஃபெக்ஷன், மலச்சிக்கல் இதனாலயும் வரும், எல்லாத்தையும் மனசு மேலயே போட்டுட முடியாது.

நேர்பேச்சு:
ஃபோனை ஆறு மாசம் கட் பண்ணுங்க மேடம். குழந்தை மறந்து செட்டில் ஆயிடும். ஒவ்வொரு வாரமும் காயத்தை கிளறிட்டே இருந்தா எப்படி ஆறும்.

ஃபைல்_கட்டு:
@நேர்பேச்சு மறக்காதுங்க. 7 வயசு குழந்தை அம்மாவ மறக்காது, அம்மாவ பத்தி பேசறதை மட்டும் நிறுத்திடும், அத பாத்து நாம செட்டில் ஆயிட்டான்னு நெனச்சுப்போம்.

நான் குழந்தைகள் நலத்துறை பக்கம் வேலை பாத்தவ. 1989 ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கைல 9வது பிரிவே இதுக்குத்தான், அப்பா அம்மாவ பிரிஞ்சிருக்கற குழந்தைக்கு அவங்களோட தொடர்புல இருக்க உரிமை இருக்கு, அது குழந்தை நலனுக்கு கேடுன்னா மட்டும்தான் விதிவிலக்கு. அக்கா ஃபோன்ல அழுது "நாளைக்கு வந்து கூட்டிட்டு போறேன்"னு வாக்கு குடுக்கறாங்களா, இல்ல சும்மா பேசறாங்களா? முதலாவதுன்னா நீங்க பக்கத்துல ஸ்பீக்கர் போட்டு உக்காருங்க, டாக்டர்கிட்டயும் சொல்லி வைங்க. ரெண்டாவதுன்னா நேரத்தை மாத்திப் பாருங்க, ராத்திரி வேணாம், காலைல குறிச்ச நேரத்துல பத்து நிமிஷம், முடிஞ்சதும் வெளிய ஓடி ஆட விடுங்க. பேசினப்பறம் அழறது கெட்ட அறிகுறி இல்ல, அம்மா ஞாபகம் வந்தா அழாம என்ன பண்ணும்.

இப்ப பேப்பர், இதைத்தான் சொந்தக்காரங்க எல்லாரும் தள்ளிப் போடறாங்க. ஃபாஸ்டர்னா சட்டப்படி பொறுப்பு அரசுகிட்டயோ கோர்ட்கிட்டயோ இருக்கும், வளக்கறது மட்டும் குடும்பம். தத்துன்னா நிரந்தரமா நீங்கதான் அப்பா அம்மா. கார்டியன்னா நடுவுல, ஸ்கூல் ஆஸ்பத்திரி முடிவெல்லாம் நீங்க எடுக்கலாம், அவ அம்மா அம்மாவாவே இருப்பா. உங்க நிலைமைக்கு பெரும்பாலும் மூணாவதுதான் பொருந்தும். அக்கா தெளிவா இருக்கற நாள்ல வைத்தியத்துக்கும் ஸ்கூலுக்கும் நீங்க முடிவெடுக்கலாம்னு எழுத்துல வாங்கப் பாருங்க, அவங்களால முடியாதுன்னா கோர்ட் மூலமா போகணும். ஊருக்கு ஊர் சட்டம் வேற, இலவச சட்ட உதவி மையம் இருந்தா அங்க மொதல்ல போங்க. கூடவே பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பழைய ஸ்கூல் ரெக்கார்ட், அக்கா குடும்பத்து வியாதி விவரம் எல்லாம் ஒரே ஃபைல்ல.

உங்க மாமியாருக்கு ஒண்ணு. 2009-ல ஐநா கொண்டுவந்த மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்லயே இருக்கு, உறவுக்குள்ள சத்தமில்லாம குழந்தைய வளக்கறவங்கள அதிகாரிங்ககிட்ட தெரிவிக்கச் சொல்லி அரசு ஊக்கப்படுத்தணும், அவங்களுக்கும் எல்லா சேவையும் உதவியும் கிடைக்கணும்னு. கூலி இல்லம்மா, குழந்தைக்கு சேர வேண்டியது. 2014-ல நூத்துக்கும் மேல ஆய்வுகள சேத்துப் பாத்த ஒரு ரிவியூ வந்துது, ஆய்வுகள அலசிப் பாக்கற காக்ரேன்ங்கற அமைப்போடது, சொந்தக்காரங்ககிட்ட வளந்த பசங்க, வெளி ஃபாஸ்டர் வீட்ல இருந்தவங்கள விட நடத்தை, மனநலம், ஒரே வீட்ல நிலைச்சு இருக்கறது எல்லாத்துலயும் கொஞ்சம் மேல. ஆனா மனநல சேவைய அதிகமா பயன்படுத்தினது ஃபாஸ்டர் பசங்கதான். சொந்தம்தானேன்னு யாரும் கேக்கறதில்ல, யாரும் குடுக்கறதும் இல்ல, இதான் என் அனுபவத்துல நான் பாத்த காரணம். வெக்கப்படாம கேளுங்க. ஃபார்மலா பதிவு பண்ணினா வீட்டுக்கு வந்து பாப்பாங்க, ரிப்போர்ட் கேப்பாங்க, அந்த தொல்லையும் இருக்கு, ரெண்டையும் விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

பாட்டி_வளத்த_பையன்:
நான் அந்த பக்கத்துலேர்ந்து எழுதறேன், என்னை பாட்டிதான் வளத்தாங்க. ஒரே ஒரு விஷயம். அம்மா எங்கன்னு கேட்டா "வெளியூர் போயிருக்கா"ன்னு சொல்லாதீங்க. எனக்கு அப்படித்தான் சொன்னாங்க, உண்மைய ஒரு விசேஷத்துல யாரோ தூரத்து மாமா வாயிலேர்ந்து கேட்டேன், அப்பறம் பாட்டி சொன்ன எதையுமே நம்ப ரொம்ப நாளாச்சு. வயசுக்கேத்த அளவு உண்மை போதும், "அம்மாவுக்கு மனசுல ஒரு நோவு, டாக்டர் பாக்கறாங்க, அது உன்னால வந்தது இல்ல". கடைசி வரிய அடிக்கடி சொல்லுங்க, ஏன்னா நான் பல வருஷம் என்னாலதான்னு நெனச்சிட்டிருந்தேன், யாரும் கேக்கல நானும் சொல்லல. அவங்கம்மா ஃபோட்டோ ஒண்ணு அவ ரூம்ல இருக்கட்டும். கிளாஸ் டீச்சர்கிட்ட நிலைமைய சுருக்கமா சொல்லி வைங்க, குடும்ப மரம் வரையற ஹோம்வொர்க், அன்னையர் தின கார்டு இதெல்லாம் திடீர்னு வந்து விழும்.

தத்து_அப்பா:
எல்லாரும் குழந்தைய பத்தியே சொல்லிட்டாங்க, நான் உங்கள பத்தி சொல்றேன். இன்னும் கொஞ்ச நாள்ல உங்களுக்கு அவ மேல ஒண்ணுமே தோணாத மாதிரி ஒரு மரத்துப்போன நிலைமை வரலாம், சமைப்பீங்க, ஸ்கூல் விடுவீங்க, ஆனா உள்ள காலியா இருக்கும். இதுக்கு பிளாக்டு கேர்னு பேரே இருக்கு, ரொம்ப நாள் டென்ஷன்ல வளக்கறவங்களுக்கு வர்றது, பாசம் இல்லாததால இல்ல. எனக்கும் என் மனைவிக்கும் ஒரே சமயத்துல வந்துது, அதான் கொடுமை. அதனால இப்பவே வாரத்துக்கு ஒரு அரை நாள் நம்பகமான யாராவது ஒருத்தர், எப்பவும் அதே ஒருத்தர், பசங்கள பாத்துக்க ஏற்பாடு பண்ணுங்க. மாமியார் கூலி வேணாம்னாங்கல்ல, அந்த அரை நாளை அவங்ககிட்டயே குடுங்க. இதே மாதிரி வளக்கறவங்க குரூப் பக்கத்துல இருந்தா சேருங்க, ஃபாஸ்டர் தத்து குரூப்ல உறவுக்காரங்களையும் பல இடத்துல சேத்துப்பாங்க, கேட்டாதான் தெரியும். உங்க பையனுக்கும் தினமும் கொஞ்ச நேரம் தனியா ஒதுக்குங்க, அடி வாங்கறது அவன்தான்.

சித்தி_ஆன_நான்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மாமியாருக்கு தத்து அப்பா எழுதினதை படிச்சு காட்டினேன், முறைச்சாங்க, ஆனா சனிக்கிழமை மத்தியானம் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. அக்கா ஃபோன்ல வாக்கு எதுவும் குடுக்கறதில்ல, அதனால காலைக்கு மாத்திட்டேன். சட்ட உதவி மையத்துல நேரம் வாங்கியாச்சு. ஒரு சந்தேகம், டப்பா வெச்சா என் பையனும் அதுலதான் கை விடுவான், அவனுக்கும் ஒண்ணு குடுக்கணுமா?

வளர்ப்பம்மா_3:
குடுங்க. ஆனா அவளோடதை அவ ரூம்ல கைக்கு எட்டற இடத்துல, அவனோடதை வேற ரூம்ல. இல்லன்னா அந்த பஞ்சாயத்துக்கு தனி போஸ்ட் போட வேண்டி வரும் 😄