குமுளி மலை ஏறும்போது இரண்டாவது பேட்டரிக்கு சார்ஜ் ஏறுமா?

கம்பத்து வேன்காரன்:
நேற்று ஒருவர் எழுதியிருந்தார். வேனைத் தங்கும் வண்டியாக மாற்றுகிறவர்கள் டிசி-டிசி சார்ஜருக்கு (வண்டி தரும் வோல்டேஜ் குறைந்தாலும் கூட்டிக் கொடுக்கிற பெட்டி) காசைக் கொட்டுவது முட்டாள்தனமாம், ஒரு ரிலே (இரண்டு பேட்டரியையும் தானாகச் சேர்த்துப் பிரிக்கிற சுவிட்ச்) போட்டால் போதுமாம், கம்பத்தில் கிளம்பி குமுளி போவதற்குள், ராத்திரி ஃபேனுக்கென்று பின்னால் வைக்கிற இரண்டாவது பேட்டரி நிறைந்துவிடுமாம். படித்த எரிச்சலில் சோறு இறங்கவில்லை. முக்கால் மணி நேரப் பயணம். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி அதற்குள் நிறைய 130 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும், வெல்டிங் வைக்கப் போகிறீர்களா? என் வண்டி 2021 மாடல், பிஎஸ்6. எஞ்சின் சுற்றி மின்சாரம் எடுக்கிற ஆல்டர்னேட்டர், வண்டிக் கம்ப்யூட்டர் சொன்னபடி ஆடும். மேட்டில் எஞ்சினுக்குப் பாரத்தைக் குறைப்பதற்காக வோல்டேஜை 12.5 பக்கம் இறக்கிவிடும், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால்தான் 14-க்கு மேல் தரும். ரிலே 13.3 வோல்ட்டில் சேர்ந்து 12.8-ல் பிரிகிற சாமான். அப்புறம் எப்படி? அடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது சார்ஜ் ஏறாது.

ஆம்னி அண்ணன்:
எழுதியது நான்தான் தம்பி, பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். என் ஆம்னி 2008. பதினோரு வருடமாக அதே ரிலே, பின்னால் டியூபுலர் பேட்டரி, ஈயமும் அமிலமும் உள்ள பழைய வகை. பவர்ஹவுஸ் குழாய் தெரிகிற வளைவில் மீட்டர் 13.9 காட்டும். கண்ணால் பார்க்கிறேன். ஏறுகிறது.

கம்பத்து வேன்காரன்:
13.9 என்பது வோல்டேஜ் அண்ணே. நான் கேட்டது மலை ஏறும்போது சார்ஜ் ஏறுமா என்று.

ஆம்னி அண்ணன்:
வோல்டேஜ் இல்லாமல் சார்ஜ் ஏறும் என்று உங்கள் ஊர் பாடப்புத்தகத்தில் இருக்கிறதா?

தேவாரம் மோட்டார்:
முதலில் ஒன்று சொல்லுங்கள், 'சார்ஜ்' என்று எதைச் சொல்கிறீர்கள், வோல்ட்டா, ஆம்பியரா? அண்ணன் வண்டியில் பழைய ஆல்டர்னேட்டர், மேடானாலும் பள்ளமானாலும் ஒரே வோல்டேஜ். தம்பியுடையது புதுசு. இரண்டு பேரும் வேறு வேறு வண்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

கம்பத்து வேன்காரன்:
வண்டி எதுவாக இருந்தால் என்ன, அவர் 'எல்லோருக்கும் ரிலே போதும்' என்றுதானே எழுதினார். அதைக் கேட்டு யாராவது லித்தியத்துக்கு ரிலே போட்டால் என்ன ஆகும் தெரியுமா? எஞ்சினை அணைத்த பிறகும் லித்தியம் 13.2, 13.3 என்று நிற்கும். ரிலே பிரிய 12.8 வர வேண்டும். லேசில் வராது. இரவு முழுக்க இரண்டு பேட்டரியும் கட்டிப்போட்ட மாடு மாதிரி சேர்ந்தே கிடக்கும். நான் சாவி போட்டால் மட்டும் வேலை செய்கிற 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்திருக்கிறேன். உள்ளே 12.5 வந்தாலும் வெளியே 14.4 தரும்.

ஆம்னி அண்ணன்:
30 ஆம்பியரா? முக்கால் மணி நேரத்தில் 22 தான் ஏறும். உங்களுடையதும் நிறையாது! இதற்கா இவ்வளவு கூச்சல்.

கம்பத்து வேன்காரன்:
நிறையும் என்று சொன்னது நீங்கள், நான் இல்லை. 22 ஆம்பியர்-அவர் போதும், 28 வாட் பிஎல்டிசி ஃபேன் விடிய விடிய ஓடும். உங்களுக்கு மலையில் சார்ஜ் ஏறினால் ஆம்பியரைக் காட்டுங்கள். போன வருடமும் இப்படித்தான், தோட்டத்து மோட்டார் விஷயத்தில் வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கிற கிளாம்ப் மீட்டரில் பார்த்தேன் என்றீர்கள். அந்த மீட்டர் ஏசி மட்டும் அளக்கிறது, பேட்டரியில் ஓடுவது டிசி.

ஆம்னி அண்ணன்:
தோட்டத்து மோட்டாரும் ஏசிதான் தம்பி. அந்தக் கதையை இன்னும் விடவில்லையா?

ஏலக்காய்:
குமுளியிலிருந்து எழுதுகிறேன். டியூபுலரை மூடின வேனுக்குள் வைத்துத் தூங்குகிறவரிடம் ஒன்று: சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், வெளியே போக வழி வைத்திருக்கிறீர்களா? வயருக்கு இரண்டு பக்கமும், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா? இதை யாரும் கேட்கவில்லை.

ஆம்னி அண்ணன்:
ஜன்னல் திறந்துதான் தூங்குவேன். பதினோரு வருடமாக உயிரோடு இருக்கிறேன்.

ஏலக்காய்:
ஃபியூஸ்?

ஆம்னி அண்ணன்:
முன்னால் ஒன்று இருக்கிறது.

தேவாரம் மோட்டார்:
பின்னால் இல்லையென்றால் நடுவில் வயர் உரசி பாடியில் பட்டதும் பின்பக்க பேட்டரி மொத்த மின்சாரத்தையும் அதில் கொட்டும். அப்புறம் ஆர்டிஓ வேறு. பதிவுச் சான்றில் இருப்பதை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும், கேரள எல்லை தாண்டினால் நம் வண்டி நம்பரைப் பார்த்ததும் கை நீட்டுவார்கள்.

ஏலக்காய்:
கை நீட்டுவது எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் நடக்கிறதா? 2021-லேயே இங்கே கேரவன் சுற்றுலாவுக்குக் கொள்கை வகுத்தாயிற்று, 2022-ல் வாகமணில் கேரவன் பூங்காவே திறந்தார்கள். நீங்கள் இன்னும் ஃபியூஸுக்குச் சண்டை போடுகிறீர்கள்.

தேவாரம் மோட்டார்:
ஃபியூஸைக் கிளப்பினதே நீங்கள்தான் சாரே.

கம்பத்து வேன்காரன்:
பேச்சை மாற்ற வேண்டாம். வாகமண், ஆர்டிஓ எல்லாம் இருக்கட்டும். மலை ஏறும்போது சார்ஜ் ஏறுமா? ஒரே கேள்வி. நான் என் வண்டியில் அளந்தேன், ரிலே போட்டிருந்த காலத்தில், மேலே போகும் வழி முழுக்க பூஜ்யம், திரும்பி இறங்கும்போது 40 ஆம்பியர். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஆம்னி அண்ணன்:
அப்படியானால் திரும்பி இறங்குகிற வழியில் ஏறிவிட்டதே. ரிலே போதும் என்றுதானே நானும் சொன்னேன்.

கம்பத்து வேன்காரன்:
அண்ணே!! ஏறும்போது!! ராத்திரி தூங்குவது மேலே, கீழே இல்லை.

ஆம்னி அண்ணன்:
ஞாயிற்றுக்கிழமை லோயர் கேம்ப் டீக்கடைக்கு வாருங்கள், என் வண்டியில் உட்கார்த்திக் கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.

கம்பத்து வேன்காரன்:
உங்கள் வண்டியில் எதற்கு, என் வண்டியில் வாருங்கள். டிசி அளக்கிற மீட்டர் நான் கொண்டு வருகிறேன்.

ஆம்னி அண்ணன்:
உங்கள் மீட்டரை யார் நம்புவது?