சைக்கோபிஜி2: ஃபெட்ச்மெனி போட்டும் மெமரி நிரம்புகிறது

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டேபிளில் 40 லட்சம் வரிசைகள். பைத்தானிலிருந்து அதோடு பேச சைக்கோபிஜி2 லைப்ரரி பயன்படுத்துகிறேன். ஃபெட்ச்மெனி(1000) என்றுதான் எடுக்கிறேன். ஆனாலும் எக்ஸிக்யூட் வரியிலேயே ரேம் நிரம்பி புரோகிராம் செத்துவிடுகிறது. ஏன்?

பதில் 1: சாதாரண கர்சரில் (குவெரியை ஓட்டி வரிசைகளை எடுத்துத் தரும் பொருள்) எக்ஸிக்யூட் முடியும்போதே மொத்த ரிசல்ட்டும் உங்கள் மெஷினுக்கு வந்துவிடும். ஃபெட்ச்மெனி அந்தக் குவியலிலிருந்து ஆயிரம் ஆயிரமாக அள்ளித் தருகிறது, அவ்வளவுதான். கர்சருக்கு ஒரு பெயர் கொடுங்கள்: கர்சர் உருவாக்கும்போது நேம் என்ற ஆர்க்யுமென்டில் ஏதாவது ஒரு பெயர். உடனே அது சர்வர் பக்கக் கர்சராகிவிடும், ரிசல்ட் மொத்தமாக உங்கள் மெஷினுக்கு வராது. பிறகு ஃபார் லூப் போதும். லூப்பில் ஒரு தடவைக்கு எத்தனை வரிசை என்று சொல்லும் இடர்சைஸ் இயல்பாக 2000, அத்தனை வரிசைகள்தான் ஒரு தடவைக்கு வரும். ஃபெட்ச்ஒன் வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு வரிசைக்கும் ஒருமுறை சர்வருக்குப் போய் வரும்.

பதில் 2: லூப்புக்குள் கமிட் (மாற்றங்களைச் சேமித்து டிரான்ஸாக்‌ஷனை முடிப்பது) போட்டுவிடாதீர்கள்! டிரான்ஸாக்‌ஷன் முடிந்தால் கர்சரும் மூடிவிடும், அடுத்த ஃபெட்ச்சில் பிழை வரும். நடுவில் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அதற்குத் தனி கனெக்‌ஷன் திறங்கள். கர்சர் உருவாக்கும்போது வித்ஹோல்டை ட்ரூ ஆக்கினாலும் கமிட்டுக்குப் பிறகு கர்சர் பிழைக்கும். ஆனால் கமிட் நேரத்தில் மீதி வரிசைகளை சர்வர் எடுத்து வைத்துக்கொள்ளும், அதனால் முதல் கமிட் இழுக்கும்.

கேள்வி கேட்டவர்: பெயர் வைத்ததும் மெமரி அடங்கிவிட்டது, நன்றி. ஆனால் குவெரி முன்பைவிட மெதுவாக ஓடுகிறது.

பதில் 2: கர்சர்_டியூப்பிள்_ஃபிராக்‌ஷன் என்ற போஸ்ட்கிரெஸ் செட்டிங் இயல்பாக 0.1. பத்தில் ஒரு பங்குதான் எடுப்பீர்கள் என்று நினைத்து பிளானர் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பகுதி) வேறு வழியைத் தேர்ந்திருக்கலாம். அதே டிரான்ஸாக்‌ஷனில் முதலில் அதை 1 ஆக்கிப் பாருங்கள்.